நீராவியும் டீசலும்

ரயில் பயர்மேன் ஒருவரின் மகன் என் வகுப்பில் பயின்றான். "ஐயா, எளிய பொறிதானே சிறந்தது?" என்று ஒருநாள் வினவினான். அவன் கூற்றில் நியாயம் உண்டு. நீராவி என்ஜினின் பழுதைப் பெரும்பாலும் கண்ணாலேயே கண்டுவிடலாம். ஆயினும் அதில் நெருப்பு உருளைக்கு வெளியே எரிகிறது. நீரை ஆவியாக்கச் செலவிட்ட வெப்பத்தின் பெரும்பகுதி, வேலை முடிந்த ஆவியோடு புகைபோக்கி வழியே போய்விடுகிறது. 100 பங்கு வெப்பத்தில் வண்டியை இழுக்கப் பயன்படுவது பொதுவாக 6 முதல் 8 பங்கே.

1897இல் ருடால்ப் டீசல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் சோதித்துக் காட்டிய பொறியோ 26 பங்கைப் பயனாக்கியது. அதில் நெருக்கப்பட்ட காற்றே சூடேறி எண்ணெயைப் பற்றவைக்கிறது, தீப்பொறி வேண்டா. அதற்கு ஈடாக மயிரிழையும் பிசகாத எண்ணெய்ப் பம்பு வேண்டும். ரயிலாயின் மின்னாக்கியும் மோட்டார்களும் பெரும்பாலும் உடன் வேண்டும்.

இவ்வளவும் சொன்னேன். ஆனால், அந்த எளிய என்ஜினைச் சூடேற்றவே பல மணி நேரம் ஆகும். கரி வாரிப் போடவும், சாம்பல் அள்ளவும், கொதிகலன் கழுவவும் ஆட்கள் வேண்டும். அவன் தந்தையின் அவ்வுழைப்பைக் கரும்பலகைக் கணக்கில் சேர்க்க நான் அன்று தவறிவிட்டேன்.