முதல் கோலுக்குப் பின் வரும் ஆண்டுகள்

2022 மே 23 அன்று ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பை ஹாக்கிப் போட்டியில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. ஆட்டத்தின் ஒன்பதாவது நிமிடத்தில் இந்தியாவுக்காகக் கோல் அடித்தவர் அரியலூரைச் சேர்ந்த செல்வம் கார்த்தி. இருபது வயதை ஒட்டிய அந்த இளைஞருக்கு இந்திய அணியில் அதுவே முதல் ஆட்டம். 59ஆவது நிமிடத்தில் பாகிஸ்தான் சமன் செய்ததால் ஆட்டம் 1-1 என முடிந்தது. பின்னர் இந்தியா வெண்கலம் வென்று திரும்பியது.

அரியலூர் எங்கள் கடலூருக்கு அண்டை மாவட்டம். அதனால் அந்தக் கோல் வளையமாதேவி போன்ற ஊர்களில் கூடுதலாகவே பேசப்பட்டது. பிள்ளையை விளையாட்டு விடுதிக்கு அனுப்பலாமா என்று கேட்கும் பெற்றோர் இன்றும் அவர் பெயரைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை கோலில் இல்லை. கோலுக்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளில் இருக்கிறது.

கார்த்தி உருவானது அரியலூரில் அன்று. ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோவில்பட்டியில். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்பெற்ற அந்நகருக்குப் பல தலைமுறை ஹாக்கி மரபு உண்டு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் அங்கு ஹாக்கிக்கென்றே சிறப்பு விடுதி நடத்துகிறது. கார்த்தியுடன் ஜகார்த்தா சென்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கோவில்பட்டி தந்த வீரரே.

விடுதி என்றால் படுக்கையும் மூன்று வேளை உணவும் மட்டும் அல்ல. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் முதல் உலக ஹாக்கி செயற்கைத் தளத்துக்கு மாறிவிட்டது. நீர் தெளித்த அத்தளத்தில் பந்து ஓடும் வேகம் வேறு. அதை நிறுத்தும் நுட்பமும் வேறு. மண் திடலில் எவ்வளவு திறமையாக ஆடினாலும் பதினைந்து வயதுக்குள் அத்தளத்தில் கால் பழகாத சிறுவன் பின்தங்கியே நிற்பான். அத்தகைய தளத்தை ஊருக்கு ஊர் அமைக்க இயலாது. ஆகவே பிள்ளைதான் தளத்தைத் தேடிப் போக வேண்டும்.

உருசியாவின் ஐஸ் ஹாக்கியிலும் கதை இதுவே. ஏணி மட்டும் உறுதியானது. அலெக்சாண்டர் ஒவெச்கின் மாஸ்கோவின் டைனமோ கழகத்தில் வளர்ந்து, பதினாறு வயதில் அதன் முதன்மை அணிக்கு ஆடினார். 2004இல் வட அமெரிக்கக் கழகங்கள் புதிய வீரர்களைத் தெரிவு செய்தபோது முதலாவதாக எடுக்கப்பட்டார். 2005-06 பருவத்தில், அங்கு தம் முதல் ஆண்டிலேயே 52 கோல்கள் அடித்தார். அவர் தாயார் கூடைப்பந்தில் இரு முறை ஒலிம்பிக் தங்கம் வென்றவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கழகமே பள்ளி, கழகமே பணியிடம் என்னும் அமைப்பு அங்கே உண்டு. இங்கே விடுதிக்கும் வேலைக்கும் நடுவே ஒரு பள்ளம் கிடக்கிறது.

அந்தப் பள்ளம் எங்கள் ஊர்க்காரர்களின் கண்ணுக்கு உடனே தெரியும். 2023 ஜூலை 26 அன்று பரவனாற்றின் மாற்றுக் கால்வாய்க்காக வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிரின் மீது மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் போனால் வேலை உண்டா, இழப்பீடு மட்டும்தானா என்பதே இங்கு எந்தப் பேச்சும் போய் முடியும் இடம். பிள்ளையின் ஆட்டத்தையும் அதே தராசில்தான் நிறுக்கிறார்கள். அதைக் குறுகிய பார்வை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கால்வாய் வெட்டத் தொடங்கிய எட்டாம் நாள் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை தொடங்கியது. மலேசியாவை 5-0 என வென்ற ஆட்டத்தில் முதல் கோல் கார்த்தியுடையது. ஆகஸ்ட் 12 அன்று இந்தியா கோப்பையை வென்றது. ஆனால், சில வாரங்களில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்குச் சென்ற அணியில் அவர் இல்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக் அணியிலும் இல்லை. இது அவருடைய குறை அன்று. ஒலிம்பிக் ஹாக்கி அணியில் இடம் பதினாறு பேருக்கு மட்டுமே. 1980இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற அணிக்குத் தலைமை தாங்கிய வாசுதேவன் பாஸ்கரன் சென்னைக்காரர். ஆனால், அந்த இடத்துக்குத் தமிழகத்திலிருந்து சென்றவர்களை எண்ணிவிடலாம்.

எனவே, என்னைக் கேட்கும் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான். அரசு விளையாட்டு விடுதிகளில் 7, 8, 9, 11ஆம் வகுப்புகளுக்குத் தேர்வுப் போட்டி நடத்திச் சேர்க்கிறார்கள். ஹாக்கிக்கு ஏழாம் வகுப்பே நல்ல வயது. இந்திய அணியைக் கணக்கில் வைக்காதீர்கள். மாநில அணி வரை வந்தவருக்கு ரயில்வேயிலும் ராணுவத்திலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் கதவு திறக்க வாய்ப்புண்டு. மாநில அரசுப் பணியில் 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீடும் உண்டு. பிள்ளை பள்ளிப் படிப்பை விடாமல் இருந்தால்தான் இவற்றுள் பலவும் கைக்கு எட்டும். விடுதியைப் பார்க்கப் போகும்போது திடலைப் பார்ப்பதற்கு முன், மாலையில் பாடம் சொல்லித்தர ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள்.