ஐந்து நாள் இடைவெளியில் இரு தேர்தல்கள்: திருவனந்தபுரத்தில் மாலத்தீவினருக்கு வாக்குப்பெட்டி, மாலேயில் மலையாளிக்கு இல்லை, ஏன்?

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகரில் 2024 ஏப்ரல் மாதம் ஐந்து நாள் இடைவெளியில் இரு நாடுகளின் நாடாளுமன்றத் தேர்தல்களுக்கு வாக்குப்பதிவு நடைபெற்றது. ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை, மக்களவைத் தேர்தலின் இரண்டாம் கட்டத்தில் கேரளத்தின் 20 தொகுதிகளிலும் மக்கள் வாக்களித்தது அனைவரும் அறிந்ததே. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ஏப்ரல் 21 அன்று, இதே நகரில் மாலத்தீவு நாடாளுமன்றத் தேர்தலுக்கான வாக்குப்பெட்டி வைக்கப்பட்டது பலரது கவனத்துக்கு வரவில்லை.

'மஜ்லிஸ்' எனப்படும் மாலத்தீவு நாடாளுமன்றத்துக்கு 93 உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க நடைபெற்ற அத்தேர்தலில் சுமார் 2.84 லட்சம் பேர் வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தனர். வெளிநாடுகளில் மூன்று நகரங்களில் மட்டுமே வாக்குப்பெட்டிகள் வைக்கப்பட்டன. கொழும்பு, கோலாலம்பூர் ஆகியவற்றுடன் மூன்றாவதாக இடம்பெற்றது டெல்லியோ மும்பையோ அல்ல, திருவனந்தபுரம்.

இதற்கான விதி எளிமையானது. சொந்தத் தீவில் வாக்களிக்க இயலாதவர், தாம் இருக்கும் இடத்தைக் குறிப்பிட்டு முன்கூட்டியே மறுபதிவு செய்ய வேண்டும். ஒரு வெளிநாட்டு நகரில் குறைந்தது 150 பேர் அவ்வாறு பதிவு செய்தால் அங்கு வாக்குப்பெட்டி வைக்கப்படும். 2023 அதிபர் தேர்தலில் பெட்டி வைக்கப்பட்ட பிரிட்டன், ஐக்கிய அரபு அமீரகம், தாய்லாந்து ஆகிய நாடுகள், போதிய பதிவு இல்லாததால் இம்முறை விடுபட்டன.

திருவனந்தபுரத்தில் 150 பேர் சேர்வது வியப்புக்குரியதன்று. மாலேயிலிருந்து விமானத்தில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய இந்நகருக்கு, மாலத்தீவினர் நெடுங்காலமாகச் சிகிச்சைக்காகவும் படிப்புக்காகவும் வந்து செல்கின்றனர். அந்நாட்டு அரசின் 'ஆசந்தா' மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இந்திய மருத்துவமனைகள் சிலவற்றிலும் செல்லுபடியாகிறது. மருத்துவக் கல்லூரியை அடுத்த குமாரபுரம் பகுதியில் அவர்களுக்கு வாடகைக்கு விடப்படும் வீடுகள் ஏராளம். அறுவை சிகிச்சைக்குப் பின் மறுபரிசோதனைக்காகக் காத்திருப்பவர், உடனிருக்கும் உறவினர், பிள்ளைகளின் படிப்புக்காகக் குடியேறிய தாய்மார் எனப் பலரும் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் தங்குகின்றனர். வாக்களிப்பதற்கென்றே விமானக் கட்டணம் செலுத்தி ஊர் திரும்பும் நிலையில் இல்லாதவர்கள் இவர்கள்.

அந்த ஆண்டின் வாக்குக்கு மற்றொரு கனமும் இருந்தது. தமது நாட்டிலிருந்து இந்தியப் படையினரை வெளியேற்றுவதாக வாக்குறுதி அளித்து 2023 செப்டம்பரில் வென்ற அதிபர் முகமது மூயிஸ், நாடாளுமன்றப் பெரும்பான்மையைக் கோரி மக்களைச் சந்தித்த தேர்தல் அது. மே 10 ஆம் தேதிக்குள் படையினர் முழுமையாகத் திரும்ப வேண்டும் என்ற ஏற்பாட்டின்படி வெளியேற்றம் அப்போது நடந்துகொண்டிருந்தது. பிரதமர் மோடி குறித்து மாலத்தீவு துணை அமைச்சர்கள் ஜனவரியில் வெளியிட்ட பதிவுகளால் எழுந்த கசப்பும் தணியவில்லை. இந்தியாவுடனான உறவே விவாதப்பொருளாக இருந்த தேர்தலில், இந்திய மருத்துவரின் பராமரிப்பில் இருந்தபடியே இந்திய மண்ணில் வாக்களிக்கும் நிலை இவர்களுக்கு ஏற்பட்டது. தேர்தலில் மூயிஸின் மக்கள் தேசிய காங்கிரஸ் மூன்றில் இரண்டு பங்குக்கும் கூடுதலான இடங்களைக் கைப்பற்றியது.

தம் வாக்கைச் செலுத்திய இவர்கள், அடுத்த ஐந்து நாள்களில் விருந்தளிக்கும் நாட்டின் தேர்தலை ஓரத்தில் நின்று பார்த்தனர். ஏப்ரல் 24 மாலை, பிரசாரம் ஓயும் தருணத்தில், கேரளத்துக்கே உரிய 'கொட்டிக்கலாசம்' செண்டை மேளத்துடனும் கொடிகளுடனும் சாலைகளை நிறைத்தது. பிறகு ஒலிபெருக்கிகள் ஓய்ந்தன. வாக்குப்பதிவு முடியும் வரையிலான 48 மணி நேர மதுவிற்பனைத் தடைக்குக் குடியுரிமை பேதம் கிடையாது. கோவளம் கடற்கரைக்கு வந்த ஐரோப்பிய சுற்றுலாப் பயணிக்கும் அது பொருந்தும். வாக்குப்பதிவு நாளில் ஊதியத்துடன் கூடிய விடுமுறை சட்டப்படி வாக்காளருக்கே உரியது. எனினும் அலுவலகம் மூடப்பட்டால் வெளிநாட்டுப் பணியாளருக்கும் அன்று ஓய்வுதான். மறுநாள் சக ஊழியர்களின் இடக்கை விரல்களில் மை இருக்கும். அவர் விரலில் இராது.

பார்வையாளராக இருப்பதற்கும் எல்லை உண்டு. வெளிநாட்டவர் இந்தியத் தேர்தலில் வாக்களிக்க இயலாது. பிரசாரத்தில் பங்கேற்பது விசா நிபந்தனைகளை மீறுவதாகும். 2019 மக்களவைத் தேர்தலின்போது மேற்கு வங்கத்தில் வாக்கு சேகரித்த வங்கதேச நடிகர் பிர்தௌஸ் அகமதுவின் விசாவை மத்திய அரசு ரத்து செய்து, நாட்டைவிட்டு வெளியேற உத்தரவிட்டது.

இனி மறுபக்கம். மாலத்தீவில் ஆசிரியர்களாகவும் மருத்துவர்களாகவும் செவிலியர்களாகவும் பணியாற்றும் இந்தியர்களில் கேரளத்தவரும் தமிழகத்தவரும் கணிசமானோர். ஏப்ரல் 26 அன்று மாலேயில் அவர்களுக்கென வாக்குப்பெட்டி ஏதும் இல்லை. அயலகப் பணியிலுள்ள அரசு ஊழியர்களுக்குத் தபால் வாக்கு வசதி உண்டு. மற்ற இந்தியக் குடிமக்கள், 2010 ஆம் ஆண்டு சட்டத் திருத்தத்தின்படி படிவம் 6ஏ மூலம் வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிவு செய்யலாம். ஆனால், வாக்களிக்கச் சொந்தத் தொகுதிக்கு நேரில் வர வேண்டும்.

இதன் விளைவைத் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவரம் காட்டுகிறது. 2024 இல் நாடு முழுவதும் பதிவு செய்த வெளிநாடுவாழ் வாக்காளர்கள் 1,19,374 பேர். அவர்களில் 89,839 பேர் கேரளத்தவர். உண்மையில் வாக்களித்தவர்கள் 2,958 பேர் மட்டுமே; அதில் 2,670 பேர் கேரளத்தில் வாக்களித்தனர். வாக்களிக்கவென்றே வளைகுடாவிலிருந்து குழுவாக விமானமேறும் வழக்கம் கேரளத்தில் இருந்தும், பதிவு செய்தவர்களில் நூற்றுக்கு மூவர்தான் வாக்குச்சாவடியை எட்டினர்.

மாலத்தீவின் முறையை இந்தியா அப்படியே பின்பற்ற இயலாது என்பதும் உண்மை. அங்கு 93 தொகுதிகள், இங்கு 543. வெளிநாடுகளில் வாழும் இந்தியக் குடிமக்கள் ஒரு கோடிக்கும் மேல். தேர்தலே வழக்கமில்லாத நாடுகளிலும் அவர்கள் பணிபுரிகின்றனர். அங்கெல்லாம் வாக்குச்சாவடி அமைக்க அந்தந்த அரசுகளின் இசைவு வேண்டும். ஆயினும் இவை யாவும் நேரடி வாக்குச்சாவடிக்குத்தான் தடை. தபால் வாக்குக்கு இதே அளவில் பொருந்தா.

மாற்று வழிகள் பேசப்படாமலும் இல்லை. பதிலாள் மூலம் வாக்களிக்க வகைசெய்யும் மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியது. தன் வாக்கை ஒப்படைத்தவர் அது எவருக்குச் செலுத்தப்பட்டது என்பதை எவ்வாறு அறிவார் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. மாநிலங்களவையின் ஒப்புதல் கிடைக்காமல், 2019 இல் அந்த மக்களவை கலைந்தபோது மசோதா காலாவதியானது. மின்னணு முறையில் வாக்குச்சீட்டை அனுப்பி, தபாலில் திரும்பப் பெறும் வசதியை வெளிநாடுவாழ் வாக்காளர்களுக்கும் வழங்கலாம் எனத் தேர்தல் ஆணையம் 2020 இல் சட்ட அமைச்சகத்திடம் தெரிவித்தது. எனினும், 2024 தேர்தலிலும் பழைய நடைமுறையே தொடர்ந்தது. மாலேயிலிருந்து வரும் மலையாளி, திருவனந்தபுரம் வாக்குச்சாவடியில் வாக்காளர் அட்டைக்குப் பதிலாக அசல் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும்.