பெருக்கியும் ஒலிப்பெட்டியும்: பொருத்தம் அறியும் முறை

'விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும்' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. வரவுக்கு மிஞ்சிச் செலவு செய்வாரைக் குறித்தே அது பெரும்பாலும் சொல்லப்படும். எனினும், மின்னிசைக் கருவிகளைக் கையாளுவோர்க்கும் அது நன்கு பொருந்தும். பேஸ் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் கருவியையும் அதனை வெளியிடும் பெட்டியையும் பொருத்தம் பாராமல் இணைத்தமையால் புகைந்துபோன கருவிகள் பல. கிழிந்துபோன ஸ்பீக்கர்களும் பல. பள்ளி விழாவிலும் மன்ற ஆண்டு விழாவிலும் மேடைப் பொறுப்பை ஏற்கும் ஆசிரியர்கள் இப்பொருத்தத்தின் அடிப்படையை அறிந்திருத்தல் நன்று. இதற்கு வேண்டுவது பள்ளியில் கற்ற பெருக்கலும் வகுத்தலுமே.

முதலில் சொற்களை வரையறுத்துக் கொள்வோம். 'ஒலிபெருக்கி' என்னும் சொல்லை நாம் ஆம்ப்ளிஃபையருக்கும் ஸ்பீக்கருக்கும் பொதுவாக வழங்கி வருகிறோம். இக்கட்டுரையில் அது குழப்பம் விளைக்கும். ஆதலின், மின்குறியின் வலிமையைக் கூட்டும் கருவியைப் 'பெருக்கி' என்றும், ஸ்பீக்கர்களைத் தாங்கிய பெட்டியை 'ஒலிப்பெட்டி' என்றும் ஈண்டுக் குறிப்போம்.

மெலிவுத் தானத்தின் சுமை

தமிழிசையார் சுரங்களின் நிலையை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்தனர். பேஸ் கிட்டார் மெலிவுக்கென்றே அமைந்த கருவி. சாதாரணக் கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிரும். நான்கு தந்திகளையுடைய பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியோ அதில் பாதியாக, 41 முறையே அதிரும். ஐந்து தந்திக் கருவியில் இது 31 வரை இறங்கும்.

அதிர்வு குறைந்தால் ஸ்பீக்கருக்கு வேலையும் குறையும் என்று எண்ணத் தோன்றும். உண்மை இதற்கு மாறானது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுவதாலேயே ஒலி பிறக்கிறது. ஒரே அளவான ஒலியை ஒரு தானம் கீழே எழுப்ப வேண்டுமானால், கூம்பு நான்கு மடங்கு தொலைவு அசைய வேண்டும். 82 அதிர்வில் 1 மில்லிமீட்டர் அசையும் கூம்பு, 41 அதிர்வில் அதே ஒலியைத் தர 4 மில்லிமீட்டர் அசைய வேண்டும். கிட்டாருக்குப் போதுமான ஒலிப்பெட்டி பேஸ் கிட்டாருக்கு ஆகாமற் போவதன் காரணம் இதுவே.

இக்கருவியின் வரலாறும் இதனையே காட்டுகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லியோ ஃபெண்டர் என்பார் 1951-இல் தம் மின் பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மறு ஆண்டே, 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்ட பெருக்கியையும் அதற்கெனவே வெளியிட்டார். மேடைகள் பெருகவே திறனும் பெருக வேண்டியதாயிற்று. 1969-இல் ஆம்பெக் நிறுவனத்தார் 300 வாட்டுத் திறனுடைய எஸ்.வி.டி. என்னும் வால்வுப் பெருக்கியை வெளியிட்டனர். அதன் ஒலிப்பெட்டியில் 10 அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு இருந்தன. அத்தகைய பெட்டி ஒன்று அத்திறன் முழுவதையும் தாங்காது என்பதால், ஒரு பெருக்கிக்கு இரண்டு பெட்டிகளை இணைத்தனர். பெருக்கியின் வலிமைக்கேற்பச் சுமையைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கும் இம்முறை இன்றும் நல்ல வழியே.

ஓம் கணக்கு

பொருத்தம் என்பது இரண்டு தனித்தனிக் கேள்விகளைக் கொண்டது. ஓம் பொருந்துகிறதா என்பது ஒன்று. வாட்டு பொருந்துகிறதா என்பது மற்றொன்று. முதலாவது பெருக்கியைக் காப்பது. இரண்டாவது ஸ்பீக்கரைக் காப்பது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக் கொள்வதே பெரும்பாலான சேதங்களுக்குக் காரணம்.

இந்த ஓம் மந்திரமன்று. ஓர் ஆசிரியரின் பெயர். ஜெர்மனியில் கொலோன் நகரப் பள்ளியொன்றில் கணிதமும் இயற்பியலும் கற்பித்த கேயார்க் சைமன் ஓம், மின்னோட்டத்தைப் பற்றித் தாம் கண்ட விதியை 1827-இல் நூலாக வெளியிட்டார். மின்னழுத்தம் மாறாதிருக்கையில், தடை குறையுமானால் மின்னோட்டம் அதற்கேற்பக் கூடும் என்பது அதன் சாரம். மாறி மாறிப் பாயும் மின்னோட்டத்திற்கு ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் காட்டும் எதிர்ப்பை மின்மறுப்பு என்பர். அதுவும் ஓம் என்ற அலகாலேயே அளக்கப்படும். ஒலிப்பெட்டியின் பின்புறத்தில் 8 ஓம் அல்லது 4 ஓம் என எழுதியிருப்பது இதுவே. மின்தடையளவி கொண்டு 8 ஓம் பெட்டியைச் சோதித்தால் அது 6 ஓம் அளவே காட்டும். அது குறையன்று, அளவி சுருளின் நேர்மின் தடையை மட்டுமே காட்டுகிறது.

'குறைந்தது 4 ஓம்' என்று பெருக்கியில் எழுதியிருந்தால், அதற்கும் கீழான சுமையை அதில் மாட்டலாகாது என்பது பொருள். ஏன் என்பதைக் கணக்கால் காண்போம். 4 ஓமில் 300 வாட்டு தரும் பெருக்கி, ஏறத்தாழ 34.6 வோல்ட்டு அழுத்தத்தையும் 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தையும் கொடுக்கிறது. அதில் 2.67 ஓம் சுமையை மாட்டினால், அதே அழுத்தம் 13 ஆம்பியரை இழுக்கும். டிரான்சிஸ்டர்கள் அந்த மிகையோட்டத்தால் சூடேறும். காப்பு அமைப்பு உள்ள பெருக்கி தானே நின்றுவிடும், இல்லாதது எரிந்துபோகும்.

2.67 ஓம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். ஒலிப்பெட்டிகள் பெரும்பாலும் பக்க இணைப்பிலேயே மாட்டப்படுகின்றன. பக்க இணைப்பில் பெட்டிகள் கூடக் கூட ஓம் குறையும். 8 ஓம் பெட்டிகள் இரண்டு சேர்ந்தால் 4 ஓம். மூன்று சேர்ந்தால் 2.67 ஓம். ஒரு 8 ஓம் பெட்டியும் ஒரு 4 ஓம் பெட்டியும் சேர்ந்தாலும் 2.67 ஓமே. பெருக்கியின் பின்னே இரண்டு துளைகள் இருக்கின்றன என்பதற்காக எந்த இரண்டு பெட்டிகளையும் மாட்டிவிடலாம் என்று கொள்ளலாகாது.

மறுபுறம், டிரான்சிஸ்டர் பெருக்கியில் ஓம் கூடினால் தீங்கில்லை. 4 ஓமில் 300 வாட்டு தரும் பெருக்கி 8 ஓமில் ஏறத்தாழப் பாதியோ சற்றுக் கூடுதலோ தரும். திறன் குறையுமேயன்றிக் கருவிக்கு ஊறு நேராது.

வால்வுப் பெருக்கியின் தன்மை வேறு. அதில் வால்வுகளுக்கும் ஒலிப்பெட்டிக்கும் இடையே மின்மாற்றி ஒன்று உண்டு. அதில் 4 ஓம், 8 ஓம் எனத் தனித்தனி முனைகள் இருக்கும்; பெட்டிக்குரிய முனையிலேயே இணைக்க வேண்டும். ஒலிப்பெட்டியே இல்லாமல் வால்வுப் பெருக்கியை இயக்கி வாசித்தல் பெருந்தீங்கு. செல்ல வழியற்ற ஆற்றல் மின்மாற்றியில் மிகையழுத்தமாக எழுந்து, அதன் காப்புறையைத் துளைத்துவிடும். எனவே, பெட்டியின் கம்பியை மாட்டிய பின்னரே விசையைப் போடுதல் வேண்டும்; விசையை நிறுத்திய பின்னரே கம்பியைக் கழற்றுதல் வேண்டும்.

வாட்டுக் கணக்கு

இனி ஸ்பீக்கரைக் காப்பது பற்றிக் காண்போம். ஸ்பீக்கர் இரு வழிகளில் அழியும்: ஒன்று வெப்பம், மற்றொன்று மிகையசைவு.

ஒலிப்பெட்டிக்குள் செல்லும் 100 வாட்டில் ஒலியாக வெளிவருவது ஒருசில வாட்டே. எஞ்சியவை யாவும் கம்பிச்சுருளில் வெப்பமாக மாறுகின்றன. வெப்பம் அளவு கடந்தால் சுருளைப் பிணைத்துள்ள பசை இளகும், சுருள் கருகும். பெட்டியில் எழுதப்பெறும் வாட்டு எண் பெரும்பாலும் இவ்வெப்பத்தைத் தாங்கும் அளவையே குறிக்கும். அதிலும் மூவகை உண்டு. தொடர்ந்து தாங்கும் திறன் 300 வாட்டு என்றால், இசை நிகழ்ச்சிக்குரியது என்று 600 வாட்டையும், நொடிப்பொழுது உச்சம் என்று 1,200 வாட்டையும் விற்பனையாளர் எழுதுவர். மூன்றும் ஒரே பெட்டியைப் பற்றியனவே. நாம் கொள்ள வேண்டியது தொடர்திறன் ஒன்றே.

மிகையசைவு இன்னும் நுண்ணியது. பல ஸ்பீக்கர்களின் கூம்பு ஒருசில மில்லிமீட்டர் அளவே ஒழுங்காக அசையும். அதைக் கடந்தால் சுருள் காந்த இடைவெளியை விட்டு வெளியேறும், பின்தகட்டில் மோதும். இவ்வெல்லையைக் கணக்கிடும் வழியை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இலும், சிட்னியில் ஆய்ந்த ரிச்சர்ட் ஸ்மால் 1970களிலும் வகுத்துத் தந்தனர். அக்கணக்கின்படி, 300 வாட்டு வெப்பத்தைத் தாங்கும் பெட்டியும், மிகத் தாழ்ந்த சுரங்களில் அதில் பாதியிலோ அதற்கும் குறைவிலோ அசைவின் எல்லையை எட்டிவிடக் கூடும். முன்புறம் காற்றுத்துளை வைத்த பெட்டிகளில், துளை இசைவிக்கப்பட்ட அதிர்வுக்குக் கீழே கூம்பைத் தாங்கும் காற்றழுத்தம் நீங்கிவிடுவதால் ஆபத்து மிகுதி.

இங்கே பலரும் அறியாத ஒன்று உண்டு. பெருக்கியில் 'பேஸ்' குமிழை 6 டெசிபெல் உயர்த்தினால், தாழ்ந்த சுரங்களுக்கு நான்கு மடங்கு திறன் கேட்கிறோம் என்பது பொருள். 10 டெசிபெல் உயர்த்தினால் பத்து மடங்கு. ஒலிக்குமிழைத் தொடாதவரும் பேஸ் குமிழால் ஸ்பீக்கரைக் கிழித்துவிடலாம்.

சிறிய பெருக்கி கெடுக்குமா?

'பெருக்கி சிறிதாயிருந்தால் ஸ்பீக்கர் கெடும்' என்று சொல்வோர் உளர். குறைந்த திறன் எந்த ஸ்பீக்கரையும் கெடுப்பதில்லை. மெல்லிய இசையைக் கேட்கும்போதெல்லாம் நாம் குறைந்த திறனையே செலுத்துகிறோம். அவர்கள் கண்டது வேறு. சிறிய பெருக்கியை அதன் எல்லைக்கு மேல் முறுக்கினால் அலையின் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகும். முற்றும் தட்டையான அலை, அதே உயரமுள்ள வளைந்த அலையைப் போல் இருமடங்கு திறனைச் சுமக்கும். 150 வாட்டுப் பெருக்கி 300 வாட்டு வரை அனுப்பக் கூடும் என்பதே இதன் பொருள். பெட்டியின் தொடர்திறன் 300 வாட்டுக்கு மேலானால் அப்போதும் வெப்பத்தால் பெரிய ஸ்பீக்கர்களுக்குக் கேடில்லை. உயர்சுரத்திற்கென வைத்துள்ள சிறு ஸ்பீக்கரே அந்நிலையில் முதலில் துன்புறும்.

ஓர் எடுத்துக்காட்டு

பெருக்கி 4 ஓமில் 500 வாட்டு தருவது. 4 ஓமே அதன் கீழெல்லை. பெட்டிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 8 ஓம், 300 வாட்டு. இரண்டையும் பக்க இணைப்பில் மாட்டினால் 4 ஓம், எல்லைக்குள் உள்ளது. ஒவ்வொரு பெட்டிக்கும் 250 வாட்டு. அதுவும் எல்லைக்குள் உள்ளது. ஒரு பெட்டி மட்டும் மாட்டினால் 8 ஓம். ஏறத்தாழ 250 முதல் 300 வாட்டு. அதுவும் ஏற்கத்தக்கதே.

இப்போது இரண்டில் ஒன்று நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களும், மற்றொன்று ஒரே 15 அங்குல ஸ்பீக்கரும் கொண்டவை என்று கொள்வோம். இரண்டும் 8 ஓம் ஆதலால் திறன் சமமாகவே பிரியும். முதற்பெட்டியில் ஒவ்வொரு ஸ்பீக்கரும் 62.5 வாட்டையே தாங்க, மற்றதில் ஒரே ஸ்பீக்கர் 250 வாட்டையும் தனியே தாங்கும். அதன் தொடர்திறன் 200 வாட்டே என்றால், இரு பெட்டிகளின் கூட்டுத்தொகை 500 ஆயினும் இணைப்புப் பாதுகாப்பற்றதாகும். சம ஓம் கொண்ட இரண்டு பெட்டிகளில் மெலிந்ததன் இருமடங்கே முழு அமைப்பின் எல்லை. ஓம் மாறுபட்டால் 4 ஓம் பெட்டி 8 ஓம் பெட்டியைவிட இருமடங்கு திறனை ஏற்கும் என்பதையும் நினைவிற்கொள்க.

ஒலி போதவில்லை என்றால் பெரிய பெருக்கியை நாடுவதைக் காட்டிலும், ஓம் இடங்கொடுக்குமானால் அதே வகையான இன்னொரு பெட்டியைச் சேர்ப்பதே மேல். பெருக்கியின் திறனை இருமடங்காக்கினாலும் கிடைப்பது 3 டெசிபெல்லே. காதுக்கு அது சிறு வேறுபாடாகவே தோன்றும். பெட்டியைச் சேர்த்தால் தாழ்சுரங்களில் ஒலியும் கூடும். ஒவ்வொரு கூம்பின் சுமையும் குறையும்.

கைக்கொள்ள வேண்டியவை

ஓம் கணக்கு கண்டிப்பான சட்டம்; அதில் விட்டுக்கொடுத்தல் இல்லை. வாட்டுக் கணக்கோ வாசிப்பவரின் கையையும் பொறுத்தது. தேர்ந்த கலைஞர், பெட்டியைவிட ஆற்றல் மிகுந்த பெருக்கியையும் அடக்கி ஆளுவார். ஆனால், பலரும் கைவைக்கும் பள்ளிக் கருவிக்கோ மன்றக் கருவிக்கோ பெட்டிகளின் தொடர்திறன் பெருக்கியின் திறனுக்குச் சமமாகவோ மேலாகவோ இருத்தலே தக்கது.

பெட்டியை இணைக்க ஸ்பீக்கர் கம்பியையே கொள்க. கிட்டாரைப் பெருக்கியோடு இணைக்கும் மெல்லிய உறைக்கம்பி, முனை ஒன்றுபோலத் தோன்றினும், அவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்காது, சூடேறும்.

எல்லாவற்றிற்கும் மேலாகச் செவியை நம்புக. தாழ்ந்த சுரத்தில் 'டப்' என்ற மோதலோ 'பர்ர்' என்ற பிளிறலோ கேட்டால், அது கூம்பு தன் எல்லையைத் தொட்டதன் அறிகுறி. பசை கருகும் மணம் வந்தால் காலம் கடந்துகொண்டிருக்கிறது. உடனே ஒலியையும் பேஸ் குமிழையும் தணித்தல் வேண்டும். 100 டெசிபெல் ஒலியில் ஒரு நாளைக்கு 15 நிமிடத்திற்கு மேல் இருத்தல் செவிக்கு ஆகாது என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வாளரின் பரிந்துரை. கிழிந்த கூம்பை மாற்றலாம். கருகிய சுருளைப் புதுப்பிக்கலாம். மேடைக்கு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவரின் செவி ஒருமுறை கெட்டால் மீளாது. பொருத்தம் பார்த்து இணைப்பதும், பொறுப்புணர்ந்து குமிழைத் திருப்புவதும் அவர்களுக்காகவும் ஆகும்.