உங்களுக்குத் தெரியுமா? லேப்டாப்பைத் துடைத்து அழித்துப் புது ஓ.எஸ். போடும்போது…

விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுபோயின. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் மைக்ரோசாஃப்ட் ஓராண்டு அவகாசம் தந்தது. அதிலிருந்து ‘ஃபார்மட் அடிச்சுப் புதுசா போட்டுடலாமா?’ என்ற கேள்வி எங்கே போனாலும் காதில் விழுகிறது. தாராளமாகப் போடலாம். எஸ்.எஸ்.டி. உள்ள லேப்டாப்பில் நிறுவும் வேலை பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நம் பொருள் எது, எங்கே கிடக்கிறது என்று முன்கூட்டியே தேடி எடுத்து வைப்பதுதான் பெரிய வேலை. அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுசாக ஒதுக்கினாலும் தகும்.

கடைக்காரர்கள் கவனிக்க: டேலிபிரைம் என்ற கணக்கு மென்பொருள் உங்கள் கணக்கை டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் வைப்பதில்லை. நிறுவும்போது எதையும் மாற்றாமல் விட்டிருந்தால், சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் பப்ளிக், அதற்குள் டேலிபிரைம், அதற்குள் டேட்டா என்று நாலு படி உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அங்கே வெறும் எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு ‘பேக்கப் ஆச்சு’ என்று டிஸ்க்கை அழித்தால், பல வருஷத்து வரவு செலவு அந்த நிமிஷத்தோடு போய்விடும். லைசென்ஸையும் பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘சரண்டர்’ செய்துவிடுங்கள்; புதியதில் ஆக்டிவேட் செய்யும்போது இழுபறி இருக்காது.

வரி தாக்கலுக்கு யூஎஸ்பி டோக்கனில் டிஜிட்டல் கையெழுத்து வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. சான்றிதழ் டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது. புது விண்டோஸில் அதன் டிரைவரை மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும்.

‘டி டிரைவ்ல இருக்கு, பத்திரமா இருக்கும்’ என்று நம்புகிறவர்கள் ஏராளம். பெரும்பாலான லேப்டாப்புகளில் சி, டி, ஈ எல்லாம் ஒரே டிஸ்க்கின் பகுதிகள்தான். சி-யை மட்டும் அழித்தால் டி பிழைக்கும். நிறுவும்போது தவறான வரியில் ‘டெலீட்’ அமுக்கினால் டி-யும் போய்விடும்; டிஸ்க்கே பழுதானால் மூன்றும் சேர்ந்தே போகும். லேப்டாப்புக்கு வெளியே, தனி டிஸ்க்கில் ஒரு பிரதி இருந்தால்தான் அது பேக்கப்.

டிடிபி வேலை செய்கிறவர்கள் கண்டிப்பாக மறந்துவிடும் ஒன்று, ஃபான்ட். பாமினி, வானவில் அவ்வையார் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளில் தமிழ் தமிழாகச் சேமிக்கப்படவில்லை. ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்கும் தமிழ் உருவத்தை மாட்டிக் காட்டுவது அந்த ஃபான்ட்தான். அது இல்லாத புது விண்டோஸில் கல்யாணப் பத்திரிகையைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பம்தான் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முன்பே நகலெடுத்து வைத்திருந்தால் எல்லாம் திரும்ப வந்துவிடும். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல். அதற்கு முந்தைய கோப்புகள் இன்னும் எத்தனையோ அச்சகங்களில் இப்படி ஒரு ஃபான்ட்டை நம்பித்தான் உயிரோடு இருக்கின்றன.

பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் கணக்கோடு சிங்க் ஆகியிருந்தால் திரும்பக் கிடைக்கும். அழிப்பதற்கு முன், அந்தக் கணக்கைத் திறக்கும் கடவுச்சொல் உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று வேறொரு கருவியில் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள்.

விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்ளே நுழைந்தால், வன்பொருள் இடம்கொடுக்கும் லேப்டாப்புகளில் டிஸ்க் முழுவதும் தானாகவே மறையாக்கம் ஆகிவிடும். பிட்லாக்கர் என்ற தொழில்நுட்பத்தின் வேலை அது. அதன் மீட்புச் சாவி 48 இலக்க எண். அது எந்தக் கணக்கில் நுழைந்தீர்களோ அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். சர்வீஸ் கடையில் ஓ.எஸ். போடும்போது கடைப் பையன் அவசரத்துக்குத் தன் கணக்கால் நுழைந்திருந்தால்? உங்கள் டிஸ்க்கின் சாவி அவர் கணக்கில் இருக்கிறது. பிறகொரு நாள் பயாஸ் அமைப்பு மாறியோ, மதர்போர்டு மாற்றியோ நீலத் திரை அந்த 48 எண்ணைக் கேட்டால், சாவி இல்லாமல் யாராலும் திறக்க முடியாது, மைக்ரோசாஃப்டாலும் முடியாது. லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வரும்போது, உங்கள் கணக்கில்தான் ஓடுகிறதா என்று அங்கேயே பார்ப்பது நல்லது. பழைய லேப்டாப்பை அழிப்பதற்கு முன்பும் இந்தச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்புகளில் 25 எழுத்து புராடக்ட் கீ மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே பதிந்திருக்கிறது. அடியில் ஸ்டிக்கரைத் தேட வேண்டாம். நிறுவும் நிரல் தானே படித்து, ஹோமா புரோவா என்று முடிவு செய்துகொள்ளும். ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகியிருந்த விண்டோஸ் 10, 11 என்றால், இணையம் கிடைத்ததும் வன்பொருளை அடையாளம் கண்டு மறுபடி ஆக்டிவேட் ஆகிவிடும்.

அப்படியிருக்க, கீ உள்ள லேப்டாப்பிலேயே ‘ஆக்டிவேட்டர்’ என்ற பெயரில் ஏதோ ஒன்றை ஓட்டிக் கொடுக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. என் உறவினர் ஒருவருடைய லேப்டாப் அப்படித்தான் கடையிலிருந்து திரும்பி வந்தது. அதை ஓட்டுவதற்காக வைரஸ் தடுப்பை அணைத்திருந்தார்கள், திரும்பப் போடவே இல்லை. வங்கிக் கணக்கு திறக்கும் கணினி அது. காசு கொடுத்து வாங்கிய உரிமம் கைக்குள் இருக்கும்போது இப்படிச் செய்வது எனக்குத் தாங்கவில்லை. போட்டுத் தருகிறவரிடம் ‘ஆக்டிவேட்டர் எதுவும் வேண்டாம்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விண்டோஸ் நிறுவும் பென் டிரைவைத் தயாரிக்க உதவும் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலுக்குக் குறைந்தது 8 ஜி.பி. பென் டிரைவ் வேண்டும். அதில் ஏற்கெனவே இருப்பது எல்லாம் அழிந்துவிடும்.

அந்த டூல் இல்லாமல், ஓ.எஸ். நிறுவ உதவும் ஐ.எஸ்.ஓ. கோப்பில் உள்ளதை பென் டிரைவுக்கு நேரடியாக நகலெடுக்கப் பார்த்து, ஒரு பெரிய கோப்பு மட்டும் ஏற மறுக்கிறதா? ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆன டிரைவில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட தனிக் கோப்பு எதையும் வைக்க முடியாது. விண்டோஸின் ‘இன்ஸ்டால்.விம்’ இப்போது அந்த அளவைத் தாண்டிவிட்டது. மைக்ரோசாஃப்டின் டூல் அதையே இன்னும் சுருக்கி ‘இஎஸ்டி’ வடிவில் தருகிறது. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் பென் டிரைவை என்டிஎஃப்எஸ்-ஆக மாற்றி, கூடவே ஒரு சின்னப் பகுதியை பூட் ஆவதற்கென்று சேர்த்துச் சமாளிக்கிறது.

இறக்கிய ஐ.எஸ்.ஓ. அசல்தானா என்றும் பார்க்க வேண்டும். 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓ.எஸ்.ஸின் இணையதளத்துக்குள் யாரோ புகுந்து, 17.3 சினமன் பதிப்பின் இணைப்பை மாற்றி, பின்கதவு வைத்த ஐ.எஸ்.ஓ. ஒன்றை இறக்க வைத்தார்கள். அதிகாரப்பூர்வ தளத்திலேயே இது நடந்தது. இறக்கிய கோப்பின் ஷா-256 எண்ணை, அதாவது 64 எழுத்து கொண்ட கைரேகையை, வெளியீட்டாளர் தரும் எண்ணோடு ஒப்பிடும் பழக்கம் வீண் வேலை இல்லை. விண்டோஸ் பவர்ஷெல்லில் ‘கெட்-ஃபைல்ஹேஷ்’ என்ற ஒரே கட்டளை போதும்.

பென் டிரைவிலிருந்து பூட் செய்ய டெல், லெனோவோ, ஏசரில் பெரும்பாலும் எஃப்12. ஹெச்பியில் எஃப்9. ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் மட்டும் சில மாடல்களில் முதலில் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் எஃப்12 மெனுவை இயக்கிவிட வேண்டும்.

சரியான விசையைத் தட்டியும் பழைய விண்டோஸே வருகிறதா? ‘ஷட் டவுன்’ கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. விண்டோஸ் 8 முதல், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாட்டில் நினைவின் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதிவைத்துத்தான் தூங்கப் போகிறது. ‘ரீஸ்டார்ட்’ கொடுத்து, லோகோ வருவதற்கு முன்பிருந்தே தட்டுங்கள்.

இனி, எல்லோருக்கும் கை நடுங்கும் இடத்துக்கு வருவோம்: டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் திரை.

வரிசையாக டிஸ்க் 0 பார்ட்டிஷன் 1, பார்ட்டிஷன் 2 என்று ஒரு பட்டியல் தெரியும். 100 எம்.பி. அல்லது 260 எம்.பி. என்று ஒன்று, அதுதான் பூட் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பகுதி. 16 எம்.பி.க்கு ஒன்று, மைக்ரோசாஃப்ட் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டது. பிறகு உங்கள் பெரிய சி, இருந்தால் டி, கடைசியில் மீட்புப் பகுதி. முழுச் சுத்தமாக வேண்டும், உள்ளே இருப்பது எதுவும் தேவையில்லை என்றால், அந்த டிஸ்க்கின் எல்லா வரிகளையும் ஒவ்வொன்றாக டெலீட் செய்து, ‘அன்அலொகேட்டட்’ என்ற ஒரே வரி ஆக்கி, அதையே தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுத்தால் போதும். வேண்டிய பகுதிகளை நிறுவும் நிரலே பிரித்துக்கொள்ளும்.

512 ஜி.பி. என்று வாங்கிய எஸ்.எஸ்.டி. அங்கே 476.9 என்று காட்டும், யாரும் திருடவில்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. இந்தக் கணக்கு தெரிந்திருந்தால், இரண்டு டிஸ்க் உள்ள லேப்டாப்பில் எது எஸ்.எஸ்.டி., எது ஹார்டு டிஸ்க் என்று அளவை வைத்தே கண்டுபிடிக்கலாம். டிஸ்க் 0 என்றால் எஸ்.எஸ்.டி.தான் என்று நம்ப வேண்டாம். எண் மாறி வரும். இரண்டாவது டிஸ்க்கில் ஏற்கெனவே ஒரு இஎஃப்ஐ பகுதி இருந்தால், விண்டோஸ் தன் பூட் கோப்புகளை அங்கே கொண்டுபோய் வைத்துவிடுவதும் உண்டு. பின்னாளில் அந்த டிஸ்க்கைக் கழற்றினால் லேப்டாப் எழுந்திருக்காது. முடிந்தால் நிறுவும் நேரத்துக்கு மட்டும் இரண்டாவது டிஸ்க்கைக் கழற்றி வைப்பதே நிம்மதி.

அந்தத் திரையில் பட்டியலே இல்லாமல் காலியாக இருந்தால் எஸ்.எஸ்.டி. செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்புகளில் விஎம்டி என்ற ஏற்பாடு டிஸ்க்குக்கு முன்னால் நிற்கிறது. அதற்கான டிரைவர் நிறுவும் நிரலில் இல்லாவிட்டால் டிஸ்க் கண்ணில் படாது. லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டுவைத்து, ‘லோட் டிரைவர்’ அமுக்கிக் காட்டினால் டிஸ்க் வந்து நிற்கும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நல்ல எஸ்.எஸ்.டி.யை மாற்றச் சொல்லிக் காசு கேட்பவர்கள் உண்டு.

ஃபார்மட் செய்ததும் எல்லாம் அழிந்துவிட்டதா? நிறுவும்போது நடப்பது குயிக் ஃபார்மட். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் புதிதாகிறது. நூலகத்தில் அட்டவணையை எரித்துவிட்டு புத்தகங்களை அலமாரியிலேயே விட்ட மாதிரி. சுழலும் ஹார்டு டிஸ்க்கில், மேலே வேறு எதுவும் எழுதப்படாத வரை, மீட்பு மென்பொருளால் படங்களையும் கடிதங்களையும் எடுத்துவிடலாம். விற்கப்போகும் லேப்டாப் என்றால் ‘ரீசெட் திஸ் பிசி’யில் ‘கிளீன் டேட்டா’வை இயக்கி ஓடவிடுங்கள், நேரம் எடுக்கும், எடுக்கட்டும்.

எஸ்.எஸ்.டி.யில் கதை தலைகீழ். ட்ரிம் என்ற கட்டளை வழியாக, அழித்த இடங்கள் வெற்றிடம் என்று டிரைவுக்குச் சொல்லப்படுகிறது. அது தன் போக்கில் காலி செய்துவிடும். தெரியாமல் அழித்ததை மீட்கும் வாய்ப்பு அதில் மிகக் குறைவு.

எதையும் ஃபார்மட் செய்யாமல் பழைய பகுதியின் மேலேயே நிறுவினால், பழையது ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற ஃபோல்டருக்குள் போய்விடும். மறந்துபோன கோப்பைத் தேட முதலில் அங்கே பாருங்கள், தாமதிக்காமல்.

நிறுவி முடித்தால் வைஃபையே வேலை செய்யவில்லை, ஆனால் விண்டோஸ் 11 ஹோம் இணையம் இல்லாமல் மேலே நகர மாட்டேன் என்கிறது. ஆண்ட்ராய்டு போனை கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். டிரைவர் எதுவும் போடாமலே அந்த போன் ஒரு நெட்வொர்க் கார்டாக வேலை செய்யும்.

 

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். குறுக்கு வழியில் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 24ஹெச்2 பதிப்பு, பாப்கவுன்ட் என்ற கட்டளை இல்லாத கோர் 2 டுவோ கால ப்ராசசர்களில் பூட்டே ஆகாது. அந்த லேப்டாப்புகளைக் குப்பையில் போட வேண்டியதில்லை. உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்க்கில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல். வைஃபை, ஒலி, கேமரா மூன்றும் அங்கே வேலை செய்தால் தைரியமாக நிறுவலாம். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. அந்த லேப்டாப்புகளை வாங்கிய எத்தனையோ பிள்ளைகளுக்கு லினக்ஸ் ஏற்கெனவே கண்ணால் பார்த்த ஒன்றுதான்.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஒரே லேப்டாப்பில் வைத்தால் விண்டோஸ் கடிகாரம் சரியாக 5½ மணி நேரம் பின்னால் காட்டலாம். மதர்போர்டின் கடிகாரத்தில் லினக்ஸ் எழுதிவைப்பது உலகப் பொது நேரம். விண்டோஸ் அதை நம்மூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளையால் உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் தீர்ந்தது.

ஆப்பிள் சிலிகான் சிப் உள்ள மேக்புக்கில், மான்டெரே முதல், ‘இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்’ கொடுத்தால் ஓ.எஸ்.ஸை மறுபடி இறக்க வேண்டியதே இல்லை. ஓ.எஸ். ஒரு பகுதியிலும் நம் கோப்புகள் மறையாக்கத்தோடு இன்னொரு பகுதியிலும் இருப்பதால், சாவியை எறிந்தாலே கோப்புகள் படிக்க முடியாதவை ஆகிவிடும்.

புது விண்டோஸில் தமிழ் அடிக்க எந்த மென்பொருளும் தேட வேண்டாம். செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் போதும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் பிறந்த தமிழ்99 விசைப்பலகையும், ஒலிப்பு முறைப் பலகையும் உள்ளேயே இருக்கின்றன. விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ்பாரைத் தட்டினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம்.