66 கிராம் அவஸ்தை!

"கணக்குப் பார்க்கிற கைக்கு யோயோ எதுக்கு?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஆரோவில்லிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாத்ரிமந்திரின் தங்க உருண்டையைத் தூரத்திலிருந்து தரிசித்துவிட்டு, குயிலாப்பாளையத்தில் ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். பக்கத்தில் ஓர் இளைஞன் அலுமினிய யோயோவை வீசினான். கீழே போனது... சுற்றியது... நான் டீயைக் குடித்து, கிளாஸை வைத்து, மீதிச் சில்லறையும் வாங்கியாச்சு. அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது!

நானும் வாங்கி வீசினேன். போனது போனதுதான். சுண்டினேன், இழுத்தேன், கெஞ்சினேன். ஊஹூம்! "சும்மா இழுத்தா வராது சார். கயிறை மடிச்சு நடு இடுக்குல கொடுக்கணும். 'பைண்டு'ன்னு பேரு" என்று சிரித்தான். விலை கேட்டேன். ஐயாயிரத்துச் சொச்சம்!

'நாமே செஞ்சா என்ன?' இந்த மூன்று வார்த்தையால் நொடித்த குடும்பங்கள் எத்தனையோ!

யோயோ நமக்கு ஒன்றும் புதுசில்லை. 1770 வாக்கில் வரைந்த வட இந்திய ஓவியம் ஒன்றில் ஒரு பெண்மணி யோயோ ஆடுகிறார். அதை வியாபாரமாக்கியவர் பிலிப்பைன்ஸிலிருந்து போன பெட்ரோ ஃப்ளோரஸ். 1928-ல் கலிஃபோர்னியாவில் கம்பெனி தொடங்கினார். 1990-ல் டாம் குன் என்ற அமெரிக்கப் பல் டாக்டர், அலுமினிய யோயோவின் நடுவில் பால் பேரிங்கை வைத்தார். யோயோ நீண்ட நேரம் தூங்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். (கயிற்று நுனியில் நின்று சுற்றுவதற்குத் தூங்குவது என்று பெயர். ஆபீஸிலும் இதைச் செய்பவர்கள் உண்டு.)

ஆரோவில் 1968 பிப்ரவரி 28-ல் பிறந்த ஊர். பிரெஞ்சு ஆர்க்கிடெக்ட் ரோஜர் ஆஞ்ஜே அதற்கு நட்சத்திர மண்டலம் சுழல்வது மாதிரி ஒரு மாடல் செய்தார். ஊருக்கே மாடல் செய்த இடத்தில் யோயோவுக்கு நான் ஒரு மாடல் செய்யக் கூடாதா? ஃப்ரீகேட் என்ற மென்பொருளை இறக்கினேன். இலவசம்!

வேலை என்னவோ சுலபம். யோயோவை நடுவே வெட்டினால் தெரிகிற வளைவில் பாதியை மட்டும் கோடாக வரைய வேண்டும். அதை அச்சைச் சுற்றி ஒரு சுற்று சுற்றச் சொன்னால், திரையில் முழு உருவம் வந்து நிற்கும். கன அளவைக் கம்ப்யூட்டர் சொல்லும். அதை அலுமினியத்தின் அடர்த்தியான 2.7-ஆல் பெருக்கினால் எடை. என்னுடையது 56 மில்லிமீட்டர் விட்டம், 66 கிராம்.

சூட்சுமம் எடையில் இல்லை, அதை எங்கே வைக்கிறோம் என்பதில். மையத்திலிருந்து 10 மில்லிமீட்டரில் இருக்கும் ஒரு கிராமை 25 மில்லிமீட்டருக்குத் தள்ளினால், சுழற்சியில் அதன் மதிப்பு ஆறேகால் மடங்கு! தூரத்தின் வர்க்கத்தில் ஏறுகிற கணக்கு. எந்த பேங்க் தரும் இந்த வட்டி? அதனால் நடுப்பகுதியைச் சுரண்டி விளிம்பில் சேர்த்தேன்.

முதலில் பிளாஸ்டிக்கில் 3டி பிரின்ட் எடுத்தேன். எடை பாதிகூட வராது; ஆனால் உள்ளங்கையில் விளிம்பு குத்துவது தெரிந்துவிடும். குத்தியது. திருத்தினேன். பிறகு போனஸ் பணத்தோடு ஒரு பட்டறைக்குப் போனேன். 60 மில்லிமீட்டர் அலுமினியத் தடியில் 25 மில்லிமீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு: சுமார் 380 கிராம். கடைந்து கையில் வந்தது 66. மீதியெல்லாம் சுருள்! வருமான வரியே தேவலை.

பேரிங் போட்டு வீசினேன். நடுங்கியது பாருங்கள், கார்த்திகை மழையில் நனைந்த கோழி மாதிரி!

இங்கேதான் எங்கப்பா வருகிறார். மரக்காணத்தில் இருக்கிறார். ஒரு மில்லில் முப்பது வருஷம் டர்னர். "எண்ணெய்க் கையோட நீ வீட்டுக்கு வரக்கூடாதுடா" என்று என்னை பி.காம். சேர்த்தவர். இந்த விஷயத்தை அவரிடம் சொல்லவே எனக்குக் கூச்சம். வேறு வழியில்லை, உப்பளத்தை ஒட்டிய சாலையில் வண்டியை விட்டேன்.

வரைபடத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். ஒரே கேள்விதான் கேட்டார்: "டாலரன்ஸ் எங்கடா?"

பேரிங் உட்காரும் முளைக்கு 6.35 என்று போட்டிருந்தேன். எவ்வளவு கூடலாம், குறையலாம் என்று போடவில்லை. அவருக்குத் தெரிந்த லேத்துக்குக் கூட்டிப் போனார். விளிம்பைச் சக்கில் பிடித்து, மையம் பார்த்து, முளையில் டயல் கேஜை வைத்துச் சுற்றினார். முள் ஆறு கோடு ஓடியது. ஒரு கோடு என்பது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு!

"ஒரு பக்கம் கடைஞ்சு, கழட்டித் திருப்பி மாட்டியிருக்காங்க. அப்போ மையம் விலகிடுச்சு. அவங்க மேல தப்பில்ல. முளையும் விளிம்பும் ஒரே மையத்துல இருக்கணும்னு நீ எழுதலியே! கம்ப்யூட்டர்ல மையம் தானா வந்துடும். லேத்துல நாமதான் கொண்டாரணும்."

புது வரைபடத்தில் அளவுகளை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். திருப்பிப் பிடிக்கும்போது, யோயோவின் வடிவத்துக்கே கடைந்த சாஃப்ட் ஜாவில் பிடிக்கச் சொல்லிக் குறித்தோம். "உப்புக் காத்து அலுமினியத்தையும் அரிக்கும், அனோடைஸிங் பண்ணிடு. பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய்" என்றார்.

இரண்டாவது ஜோடியை உப்பளத்து வரப்பில் நின்று வீசினேன். நடுக்கமே இல்லை. அப்பா வாங்கி வீசினார். சுற்றியது. இழுத்தார். வரவில்லை.

"என்னடா இது, போனா திரும்பி வராதா? உன்னை மாதிரியே இருக்கு!"

"சும்மா இழுத்தா வராதுப்பா..." என்று பைண்டு காட்டிக் கொடுத்தேன். மூன்றாவது தடவை கைக்கு வந்தது. அவர் கையில் எண்ணெய். என் கையிலும்.

இதுவரை செலவு பதினோராயிரம். அந்தப் பையனிடமே இரண்டு வாங்கியிருக்கலாம். ஆனாலும் இப்போது மாசம் இரண்டு ஞாயிறு மரக்காணம் போகிறேன். மூன்றாவது டிசைன் ஓடிக்கொண்டிருக்கிறது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்!