சுடச் சொன்னால் சுட்டே ஆக வேண்டுமா?

மாரிக்குப்பத்தில் ரயிலை விட்டு இறங்கினால் மைசூர் மைன்ஸ். லைன் வீடுகளும் சயனைடு மண்மேடுகளும் இருக்கின்றன; சுரங்கம் 2001இல் மூடப்பட்டுவிட்டது. இந்தக் கோலார் தங்கவயலில்தான் 1946 நவம்பர் 4 அன்று, போராடிய தொழிலாளர்களைப் போலீஸ் சுட்டது. ஆறு பேர் இறந்தார்கள். துப்பாக்கிச்சூடு எங்கே நடந்தாலும் நாம் கேட்பது, "உத்தரவு போட்டது யார்?" என்றுதான். துப்பாக்கியைப் பிடித்திருந்தவர் "முடியாது" என்று சொல்லியிருக்கலாமா என்று அதிகம் கேட்பதில்லை.

சட்டம் அதற்குப் பதில் வைத்திருக்கிறது. சில உத்தரவுகளை மறுக்கவே கூடாது. சிலவற்றை மறுத்தே ஆக வேண்டும்.

முதல் வகையைப் பார்ப்போம். 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, மேலதிகாரியின் கட்டளையை வேண்டுமென்றே மீறுபவருக்கு 14 ஆண்டு வரை சிறை என்கிறது. நடுராத்திரியில் குழி வெட்டச் சொன்னாலும், பனியில் காவல் நிற்கச் சொன்னாலும் செய்துதான் தீர வேண்டும். உத்தரவு பிடிக்கவில்லை, அதில் அர்த்தமில்லை என்பதெல்லாம் காரணமாகாது. ஆனால் அந்தப் பிரிவு வெறுமனே 'கட்டளை' என்று சொல்லவில்லை, 'சட்டபூர்வமான கட்டளை' என்கிறது. எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 76ஆம் பிரிவு தந்த உதாரணமே ஒரு சிப்பாய்தான். மேலதிகாரி சொன்னதால், சட்டத்தின் கட்டளைக்கு இணங்க, அவர் கூட்டத்தின் மீது சுடுகிறார், அது குற்றமல்ல. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 14ஆம் பிரிவு. அதிகாரி சொன்னார் என்பது மட்டும் அவரைக் காப்பாற்றவில்லை. சட்டமும் அதற்கு இடம் தந்திருக்க வேண்டும். கூட்டத்தைக் கலைக்க ராணுவத்தை அழைத்தால்கூட, எவ்வளவு குறைவான பலம் போதுமோ அவ்வளவே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. கலைந்து ஓடுகிறவரின் முதுகில் சுட்டுவிட்டு அந்த விதியைக் காட்டித் தப்புவது கடினம்.

தவறாக நம்பிச் செய்தால்? தகவலில் பிழை இருந்தால் சட்டம் மன்னிக்கும். எதிரி பதுங்கியிருக்கிறான் என்று நல்லெண்ணத்தோடு நம்பிச் சுட்ட இடத்தில் வேறொருவர் இருந்தால், அது வேறு கணக்கு. "இப்படிச் சுடுவது குற்றம் என்று எனக்குத் தெரியாது" என்றால் அதை ஏற்காது.

இரண்டாம் வகைக்கு வருவோம். மும்பையில் நடந்த ஒரு போலி என்கவுன்ட்டர் வழக்கில், 2011இல் உச்ச நீதிமன்றம் வெளிப்படையாகவே சொன்னது: ஒருவரைப் பிடித்துச் சுட்டுக் கொல்லும்படி மேலதிகாரி சொன்னால், மறுப்பது காவலரின் கடமை, மறுக்காவிட்டால் அவர் மீது கொலைக் குற்றம் சாட்டப்படும். ஜெர்மானிய நாஜிகள் நியூரம்பெர்க் விசாரணையில் "உத்தரவுப்படி செய்தோம்" என்று சொல்லியும் தண்டனைக்குத் தப்பவில்லை என்பதையும் நீதிபதிகள் நினைவூட்டினார்கள்.

சட்டம் படிக்காத சிப்பாய், மறுக்க வேண்டிய உத்தரவை எப்படிக் கண்டுகொள்வார்? 1956இல் இஸ்ரேலின் கஃபர் காசிம் கிராமத்தில், ஊரடங்கு போட்டதே தெரியாமல் வேலை முடித்து வீடு திரும்பிய நாற்பதுக்கும் மேற்பட்டோரை எல்லைக் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். உத்தரவுதான் காரணம் என்றார்கள். அப்படிப்பட்ட உத்தரவின் மேல் கறுப்புக் கொடி பறக்கும், அதைக் காணச் சட்டப் புத்தகம் தேவையில்லை, கண்ணும் மனசும் இருந்தால் போதும் என்றது நீதிமன்றம். கைகட்டி நிற்பவரை, சரணடைந்தவரை, குழந்தையைச் சுடச் சொல்வது இந்த வகை.

யாழ்ப்பாணத்தில் 1996இல் ராணுவத்தின் செம்மணிச் சோதனைச் சாவடியில் பள்ளி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி கொல்லப்பட்டார். தேடிப்போன தாய், தம்பி, அயலவர் ஆகியோரும் கொல்லப்பட்டார்கள். 1998இல் மரண தண்டனை பெற்ற லான்ஸ் கார்ப்பரல் ஒருவர், மேலிடம் சொன்னபடி நூற்றுக்கணக்கான உடல்களை அங்கே புதைத்தோம் என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். அந்த மண்ணில் 2025இலும் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அன்று அந்தக் கூண்டில் நின்றவர்கள் கீழ்மட்டத்தினர்தான்.

மறுத்தவருக்கு என்ன கிடைக்கும்? 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரில், ஆயுதமில்லாத கூட்டத்தைச் சுட, பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தைச் சேர்ந்த சந்திர சிங் கட்வாலியும் அவருடைய படையினரும் மறுத்தார்கள். ராணுவ நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 1941இல்தான் வெளியே வந்தார். அகிம்சையைப் போதித்த காந்தியே, சிப்பாய் உறுதிமொழியை மீறியதை ஏற்கவில்லை. அன்றைய சட்டம் கட்வாலியைக் குற்றவாளி என்றது. அவருடைய மனசாட்சி அதை ஒப்புக்கொள்ளவில்லை. சட்டமும் அறமும் எப்போதும் ஒரே பக்கம் நிற்பதில்லை.

பிள்ளையைப் பட்டாளத்துக்கோ போலீசுக்கோ அனுப்பும் வீடு இதைத் தெரிந்துகொள்வது நல்லது. சந்தேகமான உத்தரவு வந்தால் "ஐயா, இன்னொரு தரம் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். அவகாசம் இருந்தால் எழுத்தில் கேட்கலாம், அடுத்த மேலதிகாரிக்குத் தெரிவிக்கலாம். சந்தேகத்துக்கே இடமில்லாத அநியாயம் என்றால் கேட்பதற்கு ஒன்றுமில்லை, துப்பாக்கியைத் தாழ்த்த வேண்டியதுதான். உத்தரவு எத்தனை பேர் வாய்வழியாக இறங்கி வந்தாலும், விசையை அழுத்துவது ஒரு விரல். அந்த விரலுக்கு உரியவரிடம்தான் நீதிமன்றம் முதலில் கேட்கும்.