நுரைக்கும் நீரின் கணக்கு: ஜான்ஸ்கர் முதல் செய்யாறு வரை

ஜவ்வாது மலையில் பிறந்து, செங்கம், கலசப்பாக்கம், செய்யாறு நகரம் வழியாகச் சென்று, திருமுக்கூடல் அருகே பாலாற்றில் கலக்கும் செய்யாறு, ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே கிடந்து, வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது மட்டும் இரு கரை தொட்டு ஓடுகிறது. லடாக்கில் ஓடும் ஜான்ஸ்கரோ, மழை அரிதாகவே பெய்யும் நிலத்தில், வெயில் ஏறும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பனி உருகிப் பெருகுகிறது. பதும் என்ற ஊருக்கு அருகே புறப்பட்டு, சிந்துவுடன் ஜான்ஸ்கர் கூடும் நிம்மு வரை, காற்றடைத்த ரப்பர்ப் படகில் பல நாள் பயணம் செய்யும் ராஃப்டிங், இந்தியாவின் புகழ்பெற்ற சாகசப் பயணங்களில் ஒன்று. செய்யாற்றில் அத்தகைய பயணம் நடப்பதில்லை. ஆனால் ஜான்ஸ்கரில் படகைப் புரட்டும் அதே விதிதான் செய்யாற்று வெள்ளத்திலும் மனிதரை இழுக்கிறது என்பதால், அந்த விதியை அறிவது இரு கரையினருக்கும் பயன்தரும்.

சரிவும் தடையும்

ஆற்றுநீர் நுரைத்துப் பாய்வதற்குச் சரிவு, நீரளவு, தடை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைய வேண்டும். பதும் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்திலும், நிம்மு 3,100 மீட்டரை ஒட்டியும் இருக்க, இடையே ஆறு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் ஓடுகிறது. அதாவது கிலோமீட்டருக்குச் சராசரியாக மூன்று மீட்டர் மட்டுமே இறங்குகிறது. இந்த இறக்கம் வழிநெடுகச் சீராகப் பரவியிருந்தால் ஆறு வேகமாக ஓடுமே தவிர நுரைக்காது. பக்க ஓடைகள் அடித்துவரும் பாறைகளும், மலைச்சரிவில் இருந்து உருளும் கற்களும் ஆற்றை ஆங்காங்கே நெருக்குவதால், நீர் ஓரிடத்தில் மடுவாகத் தேங்கி, அடுத்த இடத்தில் படியிறங்குவதுபோலச் சட்டென்று விழுகிறது. அனுபவமுள்ள படகோட்டிகள், ஓடை வந்து சேரும் வாய்க்கு அருகே நுரைப்பெருக்கு இருக்கும் என்று எதிர்பார்ப்பது இதனால்தான்.

நிலத்தின் வயதும் இதில் பேசுகிறது. ஜவ்வாது மலையின் பாறைகள் சுமார் 250 கோடி ஆண்டுகள் பழமையானவை; அந்த மலை தேய்ந்து ஆயிரம் மீட்டரைச் சற்றே தாண்டும் உயரத்தில் நிற்கிறது. இந்திய நிலத்தட்டு ஆசியத் தட்டின்மீது மோதத் தொடங்கிச் சுமார் 5 கோடி ஆண்டுகளே ஆன இமயமோ இன்னும் உயர்ந்துகொண்டிருப்பதால், அங்குள்ள ஆறுகள் பள்ளத்தாக்கை அறுத்து முடிக்காமல், புதிது புதிதாக விழும் பாறைகளோடு போராடுகின்றன.

நீரளவைக் குறிக்க, காவிரி பற்றிய செய்திகளில் பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்தை ஒட்டி நாள்தோறும் வெளிவரும் ‘விநாடிக்கு இத்தனை கன அடி’ என்ற கணக்கே போதுமானது. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர், விநாடிக்கு 10,000 கன அடி என்றால், ஒவ்வொரு விநாடியும் சுமார் 283 டன் நீர் ஓரிடத்தைக் கடக்கிறது. நீர்வரத்து கூடினால் ஒகேனக்கல்லில் மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத்துக்குத் தடை விதிப்பது இந்த எடையைக் கருதித்தான். வேகம் கூடும்போது விளைவு இன்னும் கடுமையாகிறது: ஓடும் நீர் தள்ளும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது, அது நகர்த்தவல்ல கல்லின் எடையோ, நீரியலில் நெடுங்காலமாக வழங்கும் ஒரு விதியின்படி, வேகத்தின் ஆறாம் மடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரட்டித்தால் 64 மடங்கு கனமான கல்லும் உருளும்.

சுழியும் தாவலும்

நீர்ப்பரப்பைப் பார்த்தே அடியில் இருப்பதை ஊகிக்கலாம். இரு பாறைகளுக்கு நடுவே ஆறு இறங்கும்போது, கீழ்நோக்கிக் கூம்பிச் செல்லும் வழுவழுப்பான நீர்நாக்கு உருவானால், அதுவே ஆழமான வழி. கூம்பின் முனை மேல்நோக்கி, அதாவது வரும் படகை நோக்கி இருந்தால், அந்த முனையில் பாறை மறைந்திருக்கிறது. பெரிய பாறையின் பின்புறம் ஏற்படும் வெற்றிடத்தை நிரப்ப நீர் திரும்பி மேல்நோக்கி வருவதால் அங்கே ஒரு சுழி அமைகிறது. பாய்ச்சலின் நடுவே படகு ஒதுங்கி இளைப்பாறுவதற்கு இந்தச் சுழியே துறையாகிறது.

அஞ்ச வேண்டியது நீர்த்தாவல். நீரின் வேகத்தை, அதே ஆழத்தில் சிற்றலை ஒன்று பரவும் வேகத்தால் வகுத்துக் கிடைப்பதை, 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் பொறியாளர் வில்லியம் ஃபுரூடின் பெயரால் ஃபுரூடு எண் என்பர். ஒரு மீட்டர் ஆழத்தில் அலை விநாடிக்குச் சுமார் 3.1 மீட்டர் செல்லும். ஆறு அதைவிட வேகமாக ஓடினால் எண் ஒன்றைத் தாண்டுகிறது. பாறையின்மேல் வழிந்து அவ்வாறு விரைந்த நீர், கீழே மெதுவாக நிற்கும் நீரைச் சந்திக்கும்போது, திடீரென்று உயரத்துக்கு எழும்பித் தன் ஆற்றலை நுரையாகச் செலவிடுகிறது; இதுவே நீர்த்தாவல். சமையலறைத் தொட்டியில் குழாய்நீர் விழும்போது, மெல்லிய வட்டமாகப் பரவிய நீர் சட்டென்று தடித்த வரம்பாக எழுவதும் இதே நிகழ்வுதான். பெரிய தாவலில் மேற்பரப்பு நீர் பின்னோக்கிப் புரண்டு, விழுந்த இடத்துக்கே திரும்புவதால், அதில் சிக்கிய பொருள் உள்ளேயே சுழல்கிறது. காற்று கலந்த நுரையின் அடர்த்தி குறைவாக இருப்பதால் மிதப்புவிசையும் குறைகிறது. இத்தகைய தடைகளின் கடுமையைப் பன்னாட்டு அளவுகோல் ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிறது. கங்கையில் கௌடியாலாவுக்கும் ரிஷிகேஷுக்கும் இடையிலான புகழ்பெற்ற பகுதி மூன்றையும் நான்கையும் தொடுகிறது.

படகு பக்கவாட்டில் தாவலுக்குள் விழுந்தால், நீரோட்டத்தின் மேற்புறமிருந்து வரும் நீர் படகின் அந்தப் பக்கக் காற்றுக்குழலை அமிழ்த்திப் படகைக் கவிழ்க்கும்; அதனால்தான் வழிகாட்டி ‘ஹை சைட்’ என்று கத்தியதும், எல்லோரும் நீரோட்டத்தின் கீழ்ப்புறம் உள்ள குழல்மீது பாய்ந்து எடையைச் சேர்க்கின்றனர்.

வெயிலோடு ஏறும் ஆறு

பல நாள் பயணத்தில் படகைவிட முகாமே கணக்கைக் கோருகிறது. பனியாறு பகல் வெயிலில் உருகி, அதன் நீர் பிற்பகலில் ஊற்றிடத்துக்கு அருகே உச்சம் தொட, தொலைவிலுள்ள இடங்களுக்கு அந்த உச்சம் நேரம் கடந்தே, சில வேளை நள்ளிரவில் வந்துசேர்கிறது. மாலையில் நீரோரத்து மணலில் குச்சி நட்டோ கல் அடுக்கியோ அடையாளம் வைத்து, நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்த பிறகே கூடாரம் அமைக்கின்றனர்.

கணக்குக்குள் அடங்காத பெருக்கும் உண்டு. ஜான்ஸ்கருக்கு நீர் தரும் சாரப் ஆற்றை, புக்தல் அருகே 2014 டிசம்பர் இறுதியில் நிகழ்ந்த நிலச்சரிவு அடைத்து ஏரியாக்க, 2015 மே 7 அன்று அந்த இயற்கை அணை உடைந்து பாலங்களை வாரிச் சென்றது. இமாசலப் பிரதேசத்தின் பியாஸ் ஆற்றில், 2014 ஜூன் 8 அன்று லார்ஜி அணையிலிருந்து திடீரெனத் திறந்துவிடப்பட்ட நீர், கரையோரம் நின்றிருந்த ஹைதராபாத் மாணவர் 24 பேரின் உயிரைப் பறித்தது.

குளிர் மற்றோர் எதிரி. நீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு விரைவாக உடற்சூட்டைக் கடத்துகிறது. பனியுருகிய நீரில் விழுந்தவருக்கு முதல் நிமிடத்தில் மூச்சு கட்டுப்பாடின்றித் திணறும். சில நிமிடங்களில் கைகால் வலுவிழக்கும். நீச்சல் வல்லவரும் மிதவைச் சட்டை அணிந்தாக வேண்டும் என்ற விதிக்கு இதுவே அடிப்படை.

தடுப்பணையின் அடியில்

இயற்கையான பாறைத் தாவலில் எங்கேனும் ஓர் இடைவெளி இருக்கும். சிக்கியவரை ஆறு அவ்வழியே துப்பிவிடவும் கூடும். கரையிலிருந்து கரைவரை நேராகக் கட்டப்பட்ட தடுப்பணையில் அந்த இடைவெளி இல்லை. ஓராள் உயரம்கூட இல்லாத தடுப்பணைமேல் வெள்ளம் வழியும்போது, அதன் அடியில் உருவாகும் தாவல் முழு அகலத்துக்கும் பரவி, மூழ்கியவரை மீண்டும் மீண்டும் சுவருக்கே இழுக்கிறது. அமெரிக்க மீட்புப் படையினர் இதனை மூழ்கடிக்கும் இயந்திரம் என்றே அழைக்கின்றனர். மேலிருந்து பார்ப்பவருக்கு அழகிய சிற்றருவியாகத் தோன்றுவதே அதன் பேராபத்து.

ஜான்ஸ்கரில் இறங்குவோர் தலைக்கவசம், மிதவைச் சட்டை, வழிகாட்டி, வீசுகயிறு ஆகியவற்றுடன் இறங்குகின்றனர்; செய்யாற்றிலும் பாலாற்றிலும் மழைக்காலத்தில் வெள்ளம் பார்க்க வருவோர் இவற்றில் ஒன்றுமின்றி நிற்கின்றனர். தடுப்பணை வழியும் நாட்களில் அதன் மேலோ அடியிலோ குளிக்கவும் மீன் பிடிக்கவும் படம் எடுக்கவும் இறங்கக் கூடாது என்பதை ஊராட்சிகள் பலகை வைத்து அறிவிக்க வேண்டும். ஒருவர் விழுந்துவிட்டால் மற்றொருவர் பின்னால் குதிக்காமல், கரையில் நின்றபடியே கயிற்றையோ மூடிய காலிக் கேனையோ வீசுவதைப் பள்ளிகள் கற்பிக்க வேண்டும்.